வழியில் நின்றுபோன நாற்பது பார் ஐஸ்

ஜெகதாப்பட்டினத்தில் ஓர் ஐஸ் கம்பெனிக்கு முன்பதிவு மென்பொருள் எழுதிக் கொடுத்து எட்டு வருடம் ஆகிறது. விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாட்களில் காலை ஆறு மணிக்குப் படகுக்காரர்கள் எல்லோரும் ஐஸ் பதிய ஒரே நேரத்தில் போனை எடுப்பார்கள். என் பழைய டேட்டாபேஸில் படகுக்கு ஓர் அட்டவணை, இருப்புக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று. ஒருவர் பதிந்து முடிக்கும்வரை இருப்பு அட்டவணையின் வரி பூட்டியிருக்கும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். படகுகள் கூடக் கூட, திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை சுற்றினால் கரும்பலகைக்கே போய்விடுவேன் என்று கம்பெனி முதலாளி இரண்டு முறை சொல்லிவிட்டார். எல்லோருக்கும் அவர் பாய்தான், எனக்கும்.

அதனால் அட்டவணைகள் இல்லாத டேட்டாபேஸுக்கு மாற்றினேன். ஒவ்வொரு படகுக்கும் ஓர் ஆவணம். அதன் அன்றைய பங்கு, எடுத்தது, மீதி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். ஒருவருக்காக இன்னொருவர் காத்திருக்கத் தேவையில்லை. சரிபார்க்க வேண்டியவற்றை எழுபத்தொரு வரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பச்சை மையில் டிக் போட்டேன். வெள்ளிக்கிழமையே கறம்பக்குடியிலிருந்து கிளம்பி, கட்டுமாவடியில் சிநேகிதி வீட்டில் தங்கி, சனிக்கிழமை காலை ஆறுக்குக் கம்பெனியில் இருந்தேன்.

ஆறு இருபதுக்கெல்லாம் எல்லாப் பதிவும் முடிந்துவிட்டது. சக்கரம் ஒரு தடவைகூடச் சுற்றவில்லை. பாய் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

ஏழே முக்காலுக்கு ஒரு படகுக்கார அம்மா வந்தார். பலகை மாற்றுவதற்காக இரண்டு மாதம் கரையில் கிடந்த படகு, அன்றுதான் கடலுக்குப் போகிறது. அவர் பங்கு இருபது பார் ஐஸ்கட்டி, தேவை அறுபது. இன்ஜின் கோளாறில் நின்றிருந்த தம்பி படகின் நாற்பதை வாங்கியிருந்தார். போகாத படகு தன் பங்கைப் போகிற படகுக்கு மாற்றிவிடுவது அங்கே வழக்கம். அதற்காக ஒரு பொத்தானும் வைத்திருந்தேன்; தம்பி காலையிலேயே அதை அழுத்தியிருந்தார். ஆனால் ஐஸ் இறக்கிவிடும் ஆள் திரையைப் பார்த்து இருபதுதான் என்றார். தம்பி படகின் ஆவணத்தைத் திறந்தால் பூஜ்யம். நாற்பது பார் எந்தப் படகிலும் இல்லை.

"ஒம்பது மணிக்கு மீன்துறை ஆபீசுல கடலுக்குப் போற டோக்கன் குடுக்கிறத நிறுத்திருவாங்க. இன்னிக்குப் போகலைன்னா ஆளுங்க வேற படகுக்குப் போயிருவாங்க," என்றார் அந்த அம்மா.

பார்த்தேன். தம்பி படகில் கழித்து எழுதுவது ஒரு வேலை, அக்கா படகில் கூட்டி எழுதுவது இன்னொரு வேலை. முதலாவது முடிந்து இரண்டாவது தொடங்குமுன் இணைப்பு அறுந்திருக்கிறது. பழைய டேட்டாபேஸில் இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டியிருந்தேன். நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையென்றால் இரண்டும் நடக்காது. எட்டு வருடமாக அது பாட்டுக்கு நடந்ததால், எழுபத்தொரு வரியில் அதை எழுதவே தோன்றவில்லை.

கையாலேயே நாற்பதைச் சேர்த்தேன். மணி எட்டு பத்து. பார்கள் சறுக்கிக்கொண்டு உடைக்கும் மெஷினுக்குப் போகத் தொடங்கியதும், என்ன நடந்தது என்று அந்த அம்மா கேட்டார். சொன்னேன்.

"நாங்க சீட்டுல ஒத்த வரியாத்தாங்க எழுதுவோம், இந்தப் படகுலேருந்து அந்தப் படகுக்கு நாப்பதுன்னு. நீங்க எதுக்கு அதை ரெண்டா ஒடைச்சீங்க? ஒடைக்கத்தான் இங்கிட்டு மெஷின் இருக்கே."

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் திருப்பிக்கொள்ளாமலே சிரித்தேன். அந்த அம்மா சொன்னதுதான் சரி. மாற்றுவதையே தனி ஆவணமாக்கிவிட்டால் ஒரே தடவை எழுதினால் போதும். ஒவ்வொரு படகின் மீதியையும் அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம். எட்டு ஐம்பதுக்கு டோக்கன் வாங்கிப் படகு கிளம்பியது. நான் அங்கேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

ஞாயிறு காலை அந்த அம்மா போன் செய்தார். படகு திரும்பிவிட்டது, ஆட்கள் ஒருவரும் வேறு படகுக்குப் போகவில்லை. தம்பி படகும் திங்கட்கிழமை போவதால், ஐஸுக்கு வேறு யாரையாவது பிடிக்க வேண்டும் என்றார். திங்கட்கிழமை கடலுக்குப் போகாத இரண்டு படகுகளிடம் இருபது இருபதாக வாங்கினார். இரண்டும் வந்து சேர்ந்தன.