தோற்ற நீதிபதியின் வரிகள்

புனேயில் ஒரு சட்டக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆய்வு மாணவர்களுக்கு சைட்டேஷன், அதாவது மேற்கோள் காட்டும் முறை பற்றி வகுப்பு எடுத்தேன். வழக்கின் பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினாலும் தாளைத் திருப்பிக் கொடுப்பேன்.

வித்யாவுக்கு நான்தான் கைடு. கோர்படி ரயில்வே காலனிப் பெண். ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முந்தின வாரம் ஒரு தீர்ப்பின் நகலோடு என் அறைக்கு வந்தாள்.

“சார், இந்த ஃபுட்நோட் உங்க ஆர்ட்டிகிள்ல இருந்து எடுத்தேன். இப்பதான் முழு ஜட்ஜ்மென்ட் படிச்சேன். நீங்க கோட் பண்ணது டிசென்ட் சார். மத்த ரெண்டு ஜட்ஜும் உல்ட்டா சொல்லியிருக்காங்க.”

அவள் சொன்னது சரி. மூவரில் மாறுபட்ட ஒருவர் எழுதிய வரிகளை நீதிமன்றத்தின் முடிவு என்று நான் எழுதியிருந்தேன். அந்தத் தீர்ப்பை நான் படித்ததே இல்லை. வேறொரு புத்தகத்தின் அடிக்குறிப்பிலிருந்து எடுத்தது.

“இத்தனை வருஷமா யாரும் கேக்கலியே. இப்ப மாத்தினா சாப்டரே மாறும். அப்படியே விடும்மா,” என்றேன்.

“ஓகே சார். உங்களுக்குத் தெரியாததா,” என்று போய்விட்டாள்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் நேராக அந்தப் பக்கத்தைத் திறந்தார்.

“தோத்த ஜட்ஜை ஜெயிக்க வெச்சுட்டீங்களே மேடம். தீர்ப்பைப் படிச்சீங்களா, யாரையாவது காப்பி அடிச்சீங்களா?” என்று இந்தியில் கேட்டார்.

வித்யா என்னைப் பார்த்தாள். நான் மேஜையில் இருந்த போஹா தட்டைப் பார்த்தேன்.

“படிச்சேன் சார். தப்பு என்னோடதுதான்,” என்றாள்.

ஆய்வேடு திருத்தத்துக்குத் திரும்பியது. பட்டத்தை நம்பி அவள் காத்திருந்த விரிவுரையாளர் வேலை வேறொருவருக்குப் போயிற்று. திருத்திக் கொடுக்கச் சொல்லி போன் செய்தேன்.

“இனி உங்ககிட்ட பண்ண முடியாது சார். வேற கைடு வேணும்னு எழுதிக் கேட்டா காரணம் சொல்லணும். வேண்டாம், பிஎச்.டி.யையே விட்டுடறேன்.”

இப்போது கராடியில் ஏதோ கம்பெனியில் ஒப்பந்தங்களைப் படித்துச் சரிபார்க்கிறாள் என்று கேள்வி.

இதைப் படிக்கும் ஆய்வாளர்களுக்கு ஒன்று சொல்வேன். தீர்ப்பைத் திறந்து பார்க்காமல் அடிக்குறிப்பு போடாதீர்கள். மேற்கோள் எந்த நீதிபதியுடையது, அவர் பெரும்பான்மையில் இருந்தாரா, தீர்ப்பு இன்னும் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். இதையெல்லாம் நான் வகுப்பில் சொல்லியதில்லை.

சென்ற மாதம் முன்பின் தெரியாத மாணவர் ஒருவர் தன் ஆய்வேட்டின் பிரதியை எனக்கு அனுப்பியிருந்தார். அதே தீர்ப்பு, அதே பக்க எண், என் கட்டுரையிலிருந்து எடுத்தது. காற்புள்ளிகூடச் சரியாக இருந்தது.

அவருக்கு அன்றே உண்மையை எழுதிவிட்டேன். வித்யாவுக்கு இன்னும் எழுதவில்லை.