பதில் சொல்லாத சேர்வர்

யுத்தக் காலத்தில் திருகோணமலை நகரத்து நிவாரணக் கந்தோர் ஒன்றில் கொம்பியூட்டர் பார்க்கிற வேலை எனக்கு. எனக்கு வாய்க்கொழுப்பு என்று கந்தோரில் எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் வாய்தான் கொழுத்திருந்தது. வயிற்றுக்குள் எந்நேரமும் பயம்.

எங்கள் சேர்வரில் இடம்பெயர்ந்த சனத்தின் பட்டியல் இருந்தது. யார், எந்த ஊர், எந்த முகாம், வீட்டில் எத்தனை ஆண்பிள்ளைகள், எல்லாம். அது வெளியே போனால் யாராவது காணாமல் போவார்கள். ஒரு திங்கட்கிழமை காலை தொலைபேசியில் ஒருவர், நல்ல மரியாதையான தமிழில், உங்கள் சேர்வர் எந்த அறையில் இருக்கிறது என்று கேட்டார். எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் பயம் குறைந்திருக்காது. ரிசீவரை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தேன். பாதி சட்டையில் ஊற்றுப்பட்டது.

அன்றே சேர்வருக்கு வாசல்காவல் மாதிரி இருக்கிற ஃபயர்வோலை இறுக்கினேன். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு இணைய எண் உண்டு; எனக்குத் தெரிந்த எண்களுக்கு மட்டும் வழி. மற்ற எல்லாவற்றுக்கும் தடை. தடுப்பதிலும் இரண்டு விதம் உண்டு. வருகிறவருக்கு ‘அனுமதி இல்லை’ என்று பதில் அனுப்பலாம். அல்லது ஒன்றுமே சொல்லாமல் விடலாம். அப்போது இங்கே ஒரு சேர்வர் இருப்பதே அவருக்குத் தெரியாது. நான் இரண்டாவதைப் போட்டேன். பொழுதுபட்ட பிறகு கேற்றைத் தட்டினால் யார் என்று நாங்கள் கேட்பதில்லையே. விளக்கை அணைத்துவிட்டு, ஆளில்லாத வீடு மாதிரி இருப்போம்.

வெருகல் பக்கத்து முகாமில் எங்கள் ஆள் ஒருவர் இருந்தார். தொலைபேசி அங்கே செத்துப் பல நாள். வானத்துச் செய்மதி வழியாக ஒரு இணைப்பு மட்டும், அதுவும் எங்கள் சேர்வரோடு மட்டும் பேசும். ஒவ்வொரு காலையும் பட்டியலை அனுப்புவார்; கடைசி வரியில் ‘நான் சுகம்’ என்று இருக்கும். அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் கந்தோருக்கு வந்து, அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். நாங்களும் சுகம் என்று நான் பதில் போடுவேன்.

புதன்கிழமை அந்த வரி வரவில்லை. அந்தப் பக்கம் ஷெல் விழுகிறது என்று கதை. டீசல் முடிந்திருக்கும், ஜெனரேற்றர் ஓடாது என்று அக்காவுக்குச் சொன்னேன். வியாழனும் வெள்ளியும் அதையே சொன்னேன். அக்கா கதிரை நுனியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

தடுத்ததை எல்லாம் ஃபயர்வோல் ஒரு பதிவில் எழுதி வைக்கும். அதைத் திறக்க எனக்குத் துணிவில்லை. சனிக்கிழமைதான் பார்த்தேன். உலகம் முழுக்க இருந்து கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் இயந்திரங்கள். எல்லாச் சேர்வருக்கும் வருகிற குப்பை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தக் குப்பைக்குள் ஒரே ஒரு எண் அரை மணிக்கு ஒருக்கா வந்து வந்து போயிருந்தது. முன்பாதி எங்கள் செய்மதி இணைப்பின் எண்தான், கடைசி இலக்கங்கள் மட்டும் வேறு. இணைப்பு அறுந்து திரும்ப வந்தால் எண் மாறும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். விசர் பிடித்தவள் மாதிரி அதை மறந்துபோனேன். மூன்று நாளாகத் தட்டியது அவர்தான். பதிவில் அந்த எண்ணின் கடைசி வரி வெள்ளிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு. அந்த எண்ணுக்கு வழியைத் திறந்துவிட்டேன். பிறகு ஒன்றும் வரவில்லை.

பத்து நாள் கழித்து, அந்த முகாமில் இருந்து மட்டக்களப்புப் பக்கமாகத் தப்பிய ஒருவர் கந்தோருக்கு வந்தார். அக்காவும் இருந்தார்.

“மூண்டு நாளாப் பதில் இல்லை, டவுனில என்னவோ நடந்திட்டுது, மனிசியையும் பிள்ளையையும் பாக்க வேணும் எண்டு வெள்ளிக்கிழமை மத்தியானம் சைக்கிளில வெளிக்கிட்டவர்,” என்றார் வந்தவர். “நாங்கள் மறிச்சனாங்கள். கேக்கேல்லை.”

தோப்பூர்ப் பக்கம் போனதைக் கண்டவர்கள் உண்டாம். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. ‘அனுமதி இல்லை’ என்று ஒரு பதில் போயிருந்தால் கூட, நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று அவருக்கு விளங்கியிருக்கும். என்னைத் திட்டியிருப்பார். திட்டிக்கொண்டு அங்கேயே இருந்திருப்பார்.

அக்கா அழவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“ஏன் தங்கச்சி, அந்தக் கிழமை இஞ்ச கரண்ட் இல்லைத்தானே?”

“ஓம் அக்கா,” என்றேன். “இல்லை.”

அந்தக் கிழமை ஒவ்வொரு காலையும் அவர் என் பக்கத்தில் இருந்து, எரிகிற திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தவர்.