மார்வா இரண்டாம் முறை தட்டிய கதவுகள்

மார்வா கின்டெரோவுக்கு இடது காது கேட்காது. அந்தப் பக்கம் நின்று பேசினால் பதில் வராது. புதிதாக வருகிறவர்கள் அதைத் திமிர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எங்கள் கடற்கரை ஊரான சான் அமரோவில் அவளுக்கு முடிவெட்டும் கடை. பக்கத்துச் சலவைக்கடை என்னுடையது. விடிந்ததும் கடலில் நீந்திவிட்டுத்தான் அவள் கடையைத் திறப்பாள். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த ஊரில் முதல் மழை பெய்த மறுநாளும் வழக்கம்போல இறங்கினாள். தெருவில் கிடந்த எண்ணெய், நாய்க்கழிவு, குப்பை எல்லாம் ஆல்டர் தெருக் கோடியிலுள்ள மழைநீர்க் குழாய் வழியாகக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் காதில் சீழ் பிடித்தது. அறுவை சிகிச்சை செய்தும் காது பிழைக்கவில்லை.

அப்போது அவளோடு தினமும் நீந்தியவன் கர்டிஸ் ஹால்வர்சன். அலைச்சறுக்குப் பலகை விற்பவன். ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவனும் அவன்தான். "இந்தக் குழாயை இப்படியே விடக்கூடாது மார்வா" என்று அங்கே வைத்துத்தான் சொன்னான்.

அவன் சொன்ன வழி இது: வீட்டுவரியோடு சின்னதாக இன்னொரு வரி. அந்தப் பணத்தில் குழாய் முடிகிற இடத்தில், மழைநீரைப் பிடித்து வடிகட்டி விடுகிற நிலத்தடித் தொட்டி. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால்தான் நகரசபை அந்த வரியைப் போட முடியும். மார்வா வீடு வீடாகப் போனாள். அவளுக்குக் கேட்கட்டும் என்று நான் வலது பக்கமாகவே நடந்தேன்.

டுவைட் ப்ரூயிட் என்று ஒரு கிழவர். கதவைத் திறந்ததுமே, "வரின்னு யாராவது வந்தா நாயை அவுத்து விடுவேன்" என்றார்.

"தாராளமா விடுங்க சார். உங்க நாய் தெருவுல விட்டுட்டுப் போனதும் சேர்ந்துதான் என் காதுக்குள்ள போச்சு" என்றாள் மார்வா.

கிழவர் சிரித்துவிட்டார். உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார்.

வரி ஜெயித்தது. அந்தப் பெயரை வைத்தே கர்டிஸ் அடுத்த தேர்தலில் நகரசபைக்குள் போனான். அவனுக்கும் மார்வாதான் துண்டறிக்கை கொடுத்தாள்.

பணம் சேர்ந்தது. தொட்டிக்கு ஒரு மண்வெட்டி மண் கூட வெட்டவில்லை. ஒருநாள் கர்டிஸ் கூப்பிட்டு, "நாளைக்குக் கூட்டத்துக்கு வா, முன்வரிசையில உக்காரு. உனக்கொரு நல்ல சேதி" என்றான். மார்வா நீலச் சட்டை போட்டுக்கொண்டு போனாள். நானும் போனேன்.

சேதி இதுதான்: கடற்கரையில் நாலு மாடி கார் நிறுத்தும் கட்டடம். அதன் அடியில் ஒரு வடிகட்டி. மழைநீர் நிதி முழுக்க அதற்குத்தான். தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் கர்டிஸ். "இந்த ஊருக்காகத் தன் காதையே கொடுத்த மார்வா இங்கே இருக்கிறார்" என்று கையை நீட்டிக் காட்டினான். எல்லோரும் கை தட்டினார்கள்.

வெளியே வந்ததும் மார்வா அவனை மறித்தாள். "ஆல்டர் குழாய் என்னாச்சு?"

"கோபப்படாதே. கார் நிறுத்த இடமில்லாம கடைக்காரங்க திண்டாடறாங்க. கீழே வடிகட்டி வைக்கிறோமில்ல? சட்டப்படி அதுவும் மழைநீர் வேலைதான்."

"அது அந்தக் கட்டடத்து மேல விழற மழைக்கு. நான் குழாயைக் கேட்டேன்."

"அது அடுத்த கட்டம்."

"பணம்?"

அவன் கார்ச் சாவியைத் திருகிக்கொண்டே நின்றான். "நீ அரசியலைப் புரிஞ்சுக்கணும் மார்வா."

"அது புரியுது. உன்னைத்தான் புரியலை."

சிலர் சேர்ந்து வழக்குப் போட்டோம். சட்டத்தில் தப்பில்லை என்று நீதிபதி சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மார்வா செய்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. முன்பு தட்டிய கதவுகளையே மறுபடி தட்டினாள். "நான் சொன்னது நடக்கலை. என்னை மன்னிச்சிடுங்க." அவ்வளவுதான் பேச்சு.

"அடுத்த வரியா?" என்று ஒரு பெண் கேலி செய்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். ப்ரூயிட் கிழவர் வாசலிலேயே நின்றார். "ஏமாத்தினவன் அங்க உக்காந்திருக்கான். நீ எதுக்கும்மா மன்னிப்பு கேக்கறே?"

"அவனை அப்ப உங்களுக்குத் தெரியாதே சார். என் மூஞ்சியைப் பாத்துத்தானே ஓட்டுப் போட்டீங்க?"

கிழவர் தலையை ஆட்டினார். இந்தத் தடவை உள்ளே கூப்பிடவில்லை. தெருமுனைவரை அவள் நடந்தாள். பிறகு ஒரு மதில்மேல் உட்கார்ந்து அழுதாள்.

கட்டடம் எழும்பிவிட்டது. கர்டிஸ் மறுபடியும் ஜெயித்தான், முன்பைவிடக் கொஞ்சம் குறைந்த ஓட்டில். மழை பெய்தால் இப்போதும் கடற்கரையில் 'தண்ணீரில் இறங்காதீர்கள்' என்று பலகை வைக்கிறார்கள்.

போன மாதம் ஒன்றும் நடக்காதது போல அவன் மார்வா கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். நான் துண்டுகளைக் கொடுக்கப் போயிருந்தேன்.

"இன்னுமா கோபம்?" என்றான்.

"எழுந்திரு கர்டிஸ். அடுத்த தெருவுல ஒருத்தர் நல்லா வெட்டுவார்."

அவன் போன பிறகு ரொம்ப நேரம் நாற்காலியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "உனக்கு நீச்சல் தெரியுமா? காலையில தனியா இறங்கறது எனக்குப் பிடிக்கலை."

தெரியாது என்றேன்.