உள்ளே ஆள் இல்லாமல் துவைத்த உடுப்பு

ஓரோன்சோவுக்குப் பிறவியிலேயே கைவந்தவை இரண்டு. ஒன்று பேச்சு, இன்னொன்று துணி துவைப்பது. தெற்கு இத்தாலியில் லெச்சே ஊர்க்காரன். மூன்று அக்காமாருக்குப் பிறகு பிறந்த கடைக்குட்டி. அந்த வீட்டில் வாயைத் திறக்காதவனை யாரும் கவனிக்கமாட்டார்கள்; சட்டையில் கறையோடு வந்தவனைத் தெருவே கவனிக்கும். அதனால் பயல் உள்பனியனைக்கூட இஸ்திரி போட்டுத்தான் மாட்டுவான்.

இப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் ஒரு வருஷப் படிப்புக்கென்று பின்லாந்தில் தம்பெரெ நகரத்தில் விட்டால் எப்படி இருக்கும்? வந்த வாரமே பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒரு பெரியவரைப் பிடித்துக்கொண்டான். பனி எப்போது விழும், உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை, குளிரில் முழங்கால் வலிக்குமா என்று அக்கறையாக விசாரித்தான். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த நிறுத்தம் வரைக்கும் நடந்தே போனார். அங்கே அவர் பஸ்ஸில் ஏறியதும், உள்ளே இருந்த ஓரோன்சோ ரொம்ப சந்தோஷமாகப் பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினான். மனிதர் நின்றுகொண்டே பயணம் செய்தார்.

ஹெர்வன்டா பகுதியில் மாணவர்களுக்கான ஃப்ளாட் ஒன்றில் அவனுக்கு அறை. மூன்று அறை, ஒரு நடை, ஒரு சமையலறை. ஓர் அறையில் துன்யா இருந்தாள். குரோஷியாவிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது, வேதியியல் படிக்கிறாள், நாக்கில் அமிலம். மற்ற அறையில் யால்மரி. உள்ளூர்ப் பையன், இயந்திரப் பொறியியல், கதவளவு உயரம், செம்பட்டைத் தாடி. நல்லவன்தான் என்று எல்லாரும் நம்பினார்கள். மறுத்துச் சொல்ல அவன் வாயைத் திறந்தால்தானே!

யால்மரி வெளியே கிளம்பும்போது நடையில் ஆள் சத்தம் கேட்டால், அது அடங்கும்வரை கதவுக்குப் பின்னாலேயே நிற்பான். இது தெரியாமல் ஓரோன்சோ தினமும் காலையில் அதே நடையில் உலாத்திக்கொண்டு அம்மாவோடு போன் பேசுவான். பாவம், அந்தக் குளிர்காலம் முழுக்க யால்மரி காலை வகுப்புக்கு நேரத்துக்குப் போனதே இல்லை.

ஆனாலும் ஓரோன்சோவுக்கு அவன்மேல் ஒரு பிடிப்பு. இந்த ஊரிலிருந்து ஊர் திரும்புவதற்குள் இந்த ஊர்க்காரன் ஒருவனாவது தன்னைச் சிநேகிதன் என்று நினைக்கவேண்டும், அதுவும் இவன் நினைக்கவேண்டும் என்று ஆசை. அதற்காக அவன் பட்டது கொஞ்சமா? ஒருநாள் அரைநாள் பாடுபட்டு, ஊரிலிருந்து வந்த தக்காளியில் குழம்பு காய்ச்சி, பாஸ்தா செய்து யால்மரிக்குத் தட்டு நிறையப் போட்டான். யால்மரி நன்றி சொன்னான். பிறகு குளிர்பெட்டியைத் திறந்து கெச்சப் பாட்டிலை எடுத்து அதன் தலையில் பிழிந்தான். ஓரோன்சோ மேசைக்கடியில் தொடையைக் கிள்ளிக்கொண்டு சும்மா இருந்தான். அவன் வம்சத்தில் யாரும் யாருக்காகவும் அவ்வளவு பெரிய தியாகம் செய்ததில்லை.

ஏப்ரல் கடைசி வந்தது. வாப்பு திருவிழா நெருங்கியது. வருஷம் முழுக்கத் தரையைப் பார்த்து நடக்கிற ஜனம் வெள்ளைத் தொப்பியும் வண்ண உடுப்புமாகத் தெருவுக்கு வந்து ஆட்டம் போடுகிற நாள் அது. அதற்கு முந்தின நாள் காலை, ஓரோன்சோவின் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் யால்மரி. அவன் தானாக வந்து கதவைத் தட்டியது அதுவே முதல் தடவை.

"நாளைக்கு ஏரிக்கரை. எங்க ஆளுங்க வருவாங்க," என்றான். குச்சியில் தொத்திறைச்சி வாட்டுவதுபோல் கையால் காட்டினான். "மக்கரா சுடுவோம். நீயும் வா."

சொல்லிவிட்டு, ஏதோ கடையில் திருடியவன்போல விடுவிடுவென்று படியிறங்கிப் போய்விட்டான்.

ஓரோன்சோவுக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அம்மாவுக்குப் போன்.

"அம்மா! அவன் கூப்பிட்டுட்டான்மா! அவங்க கூட்டத்தோட ஏரிக்கரைக்கு! இந்த ஊர்ல அப்படிக் கூப்பிட்டா, கல்யாணத்துக்குக் கூப்பிட்ட மாதிரி!"

"ஏன் ராசா, அவங்க கல்யாணத்துலயாவது பேசிக்குவாங்களா?" என்றாள் அம்மா. "சரி, வெறுங்கையோட போயி நிக்காத. அந்தப் புள்ளைக்கு ஏதாவது நல்லது பண்ணு."

என்ன நல்லது பண்ணுவது என்று திரும்பிப் பார்த்தவன் கண்ணில், நடையின் மூலையில் கிடந்த யால்மரியின் ஹாலரி பட்டது.

ஹாலரி என்பது மெக்கானிக்குகள் போடுகிறாற்போல் கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே உடுப்பு. அங்கே மாணவர்களெல்லாம் விருந்து விழாவுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு திரிவார்கள். யால்மரியுடையது கருநீலம். இடது கை மட்டும் பளீரென்ற மஞ்சள். உடம்பு முழுக்க, போன விழாக்களின் நினைவாக ஒட்டுத்துணிகள், பல்லிடுக்குச் சுத்தம் செய்கிற நூலால் கோணல்மாணலாகத் தைத்தவை. ஒட்டு இல்லாத இடத்தில் சிநேகிதர்கள் பேனாவால் கிறுக்கியது. கிறுக்கல் இல்லாத இடத்தில் கறை. நாலு வருஷமாகத் தண்ணீர் காட்டாத உடுப்பு. அதிலிருந்து பழைய மீனும் புளித்த பீரும் நனைந்த நாயும் சேர்ந்த ஒரு வாசம் வந்தது.

'அம்மா இல்லாத இடத்தில் தனியாகக் கிடக்கிறான், யார் துவைத்துக் கொடுப்பார்கள்?' என்று ஓரோன்சோவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. யால்மரியின் அம்மா நாலு பஸ் நிறுத்தம் தள்ளித்தான் இருந்தாள். அது வேறு விஷயம்.

கீழ்த்தளத்து வாஷிங் மெஷினில் போட்டான். கொதிக்கக் கொதிக்க நல்ல சூடு வைத்தான். கறை நீக்கி ஊற்றினான். ஊரிலிருந்து கொண்டுவந்து பத்திரப்படுத்தியிருந்த லாவெண்டர் வாசனைத் திரவத்தில் ஒரு மூடிக்கு மூன்று மூடி விட்டான். காய வைத்து, ஒவ்வொரு ஒட்டையும் தனித்தனியாக இஸ்திரி போட்டு, மடித்து, சமையலறை மேசையில் வைத்துவிட்டுத் தூர நின்று அழகு பார்த்தான். மஞ்சள் கை மட்டும் நீலச் சாயம் ஏறி இளம்பச்சையாகிவிட்டிருந்தது. அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது.

மதியம் துன்யா வந்தாள். மேசையைப் பார்த்தாள். கையிலிருந்த ரொட்டிப் பை கீழே விழுந்தது.

"டேய்! என்னடா பண்ணி வச்சிருக்க?"

"துவைச்சேன். அவனுக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னு."

"ஆச்சரியமா? அடப்பாவி, ஹாலரியத் துவைக்கவே கூடாதுடா! தண்ணி படணும்னா உள்ள ஆள் இருக்கணும். போட்டுக்கிட்டே ஏரில குதிக்கலாம், மழைல நனையலாம். கழட்டி மெஷின்ல போட்டான்னு எவனாவது கேள்விப்பட்டா, அவனைக் கூட்டத்துல வச்சு மானத்தை வாங்கி, சாகற வரைக்கும் பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடுவானுங்க. அதுல இருந்த கையெழுத்தெல்லாம் எங்க?"

"பேனாக் கிறுக்கல்தானே? நல்லாப் போயிடுச்சு," என்று சொல்லும்போதே ஓரோன்சோவின் குரல் தேய்ந்தது.

"அவன் நாலு வருஷ வாழ்க்கையே அதுலதாண்டா இருந்துச்சு!"

ஓரோன்சோ நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். ஒன்பது மாசம் காத்திருந்து கிடைத்த ஒரே ஒரு அழைப்பு. அதைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டான். கண் கலங்கியது. பிறகு துள்ளி எழுந்தான்.

"துன்யா, அழுக்காக்கிடலாம். பழையபடி பண்ணிடலாம். நீ கெமிஸ்ட்ரிதானே படிக்கற?"

"எங்க பாடத்துல அழுக்கு பண்ணச் சொல்லித் தரலடா!" என்று கத்தினாளே தவிர, முதலில் கடுகுச் சாஸ் பாட்டிலை எடுத்தவள் அவள்தான்.

அடுத்த ஒரு மணி நேரம் அந்தச் சமையலறையில் நடந்த கூத்தை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து யாராவது பார்த்திருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார்கள். முழங்காலில் கடுகைத் தேய்த்தார்கள். மத்தி மீன் டப்பாவைத் திறந்து எண்ணெயை முதுகில் தடவினார்கள். காப்பிச் சக்கையைப் பையில் திணித்தார்கள்.

"கடுகு இடது முழங்கால்லடா, மாங்கா! வலதுல பீட்ரூட் கறை இருந்துச்சு."

"பீட்ரூட்டுக்கு நான் எங்க போவேன்?"

"அப்ப ஜாம் பூசு!"

பின்னால் இருந்த காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், உருகும் பனிச் சேற்றில் போட்டு மிதித்தார்கள். நாயோடு நடக்க வந்த ஒரு அம்மாள் நின்று பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் வேறு பாதையில் போனாள். அவ்வளவும் செய்தும் பயனில்லை. மீன், கடுகு, சேறு எல்லாவற்றையும் தாண்டி, லாவெண்டர் கமகமவென்று மணந்தது.

சாயந்திரம் யால்மரி வந்தான். இருவரும் கொலை செய்த கையோடு பிடிபட்டவர்கள்போலச் சுவரோரம் நின்றார்கள். அவன் ஹாலரியைத் தூக்கிப் பார்த்தான். கையெழுத்துகள் இருந்த இடத்தைப் பார்த்தான். பச்சைக் கையைப் பார்த்தான். முகத்தருகே கொண்டுபோய் மோந்தான்.

"லாவெண்டர்," என்றான்.

ஓரோன்சோ ஆரம்பித்தான். மன்னிப்பு, அம்மா, நல்லெண்ணம், மறுபடியும் மன்னிப்பு என்று மூச்சு விடாமல் கொட்டினான். யால்மரி முழுவதையும் நின்று கேட்டான். பிறகு ஹாலரியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

"நாலு திட்டு திட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும்," என்றான் ஓரோன்சோ. எங்கள் ஊரில் தட்டு உடைந்தால் கோபம் தீர்ந்தது என்று அர்த்தம், இங்கே கதவு மெதுவாகச் சாத்தினால் என்ன அர்த்தம் என்று துன்யாவைக் கேட்டான்.

மறுநாள் ஓரோன்சோ போவதில்லை என்றுதான் முடிவு செய்திருந்தான். ஆனால் கதவு தட்டப்பட்டது. யால்மரி அந்த ஹாலரியைப் போட்டுக்கொண்டு நின்றான்.

"வர்றியா?"

வெள்ளைச் சட்டையும் மடிப்புக் கலையாத கால்சட்டையும் போட்டுக்கொண்டு ஓரோன்சோ பின்னாலேயே போனான். வழி நெடுக, முந்தின நாள் கொட்டிய மன்னிப்பையே வாய்க்குள் மறுபடி ஒத்திகை பார்த்தான்.

ஏரியில் நடுவே இன்னும் பனிக்கட்டி வெள்ளையாகக் கிடந்தது. கரையோரம் மட்டும் கறுப்புத் தண்ணீர். நெருப்பு மூட்டி, மக்கராத் தொத்திறைச்சிகளைக் குச்சியில் குத்தி வாட்டிக்கொண்டிருந்தது கூட்டம். நடுவில் காப்போ. யால்மரியின் பழைய சிநேகிதன், மாணவர் சங்கத்துத் தலைவன், வாட்டசாட்டமான மஞ்சள் ஹாலரிக்காரன். அதில் ஒரு கை மட்டும் கருநீலம். இருவரும் முதல் வருஷத்தில் சிநேகத்துக்கு அடையாளமாக உடுப்பின் கையை வெட்டி மாற்றித் தைத்துக்கொண்டவர்கள்.

காப்போ எழுந்து வந்தான். யால்மரியின் இடது கையைப் பிடித்துத் திருப்பினான்.

"இது என் கை. என் கை மஞ்சளா இருந்துச்சு."

கூட்டத்தில் ஒருத்தி குனிந்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"மெஷின்ல போட்டிருக்கு," என்றான் காப்போ. "சோப்பு வேற. எவன் பார்த்த வேலைடா இது?"

ஓரோன்சோ ஒரு அடி பின்னால் வைத்தான். எல்லாருடைய கண்ணும் பளபளவென்ற சலவைச் சட்டையில் நின்ற அவன்மேல் மெதுவாகத் திரும்பியது.

"நான்தான்," என்றான் யால்மரி.

"நீயா?"

"நான்தான் துவைச்சேன்."

அவன் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதனால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. காப்போவுக்கு நிஜமாகவே மனசு வலித்துவிட்டது, பாவம். "நாலு வருஷம்டா," என்றான். "சரி. இன்னையிலேர்ந்து நீ சோப்பு. உனக்குக் கல்யாணம் ஆகி, பேரப்புள்ள எடுத்தாலும் சோப்புதான். நட, ஏரில எறங்கி அந்த வாசனையைக் கழுவிட்டு வா."

"சோப்பு! சோப்பு!" என்று கூட்டம் கைதட்டியது. யால்மரி திரும்பிப் பார்க்காமல் போய், கழுத்தளவு தண்ணீரில் இறங்கினான்.

ஓரோன்சோவால் தாங்க முடியவில்லை. தன்னைச் சிநேகிதன் என்று நினைப்பானா மாட்டானா என்று ஒன்பது மாசமாக யாருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தானோ, அவன் தனக்காக ஊர் சிரிக்க நிற்கிறான். இஸ்திரி போட்ட சட்டையோடு ஓடினான். தண்ணீரில் பாய்ந்தான். குளிர் எலும்பைக் கவ்வ, ஏரி முழுக்க எதிரொலிக்க அலறினான்.

"பொய்! அவன் சொல்றது பொய்! நான்தான் துவைச்சேன்! நான்தான் சோப்பு! இஸ்திரியும் போட்டேன்!"

கரையில் காப்போ சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான்.

பல் கிடுகிடுக்க ஓரோன்சோ யால்மரியின் பச்சைக் கையைப் பற்றிக்கொண்டான். "ஏண்டா சொன்ன? ஏன் உன் தலையில போட்டுக்கிட்ட?"

யால்மரி யோசித்தான். அந்தத் தண்ணீரிலும் அவன் அவசரப்படவில்லை.

"நீ ஜூன்ல போயிடுவ," என்றான். "நான் இங்கதான் இருப்பேன். எவனாவது சோப்புன்னு கூப்பிட்டா, நீ இருந்தது ஞாபகம் வரும்."

ஓரோன்சோ ஓவென்று அழுதான்.

"அழாத," என்றான் யால்மரி, அவனைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டே. "மக்கரா ஆறிடும்."