சாப்பிட்டாச்சு என்ற இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள்

முதுகலைப் படிப்பின் கடைசி அரையாண்டில் ஆராய்ச்சிப் பயிற்சி என்று ஒன்றை வைத்த மகானுபாவன் ஒரு நாளாவது ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நின்றிருக்க மாட்டான். மாதேவி நான்கு மாதமாக நின்றுகொண்டிருந்தாள். மைசூர் சரஸ்வதிபுரத்தில் ஒரு மாடி வீட்டில் நடந்த அந்தக் கொள்கை ஆய்வு மையத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே உருப்படியான வேலை, மார்டள்ளிக்கு அந்தப் பக்கம் காட்டோரம் இருந்த அவளுடைய சொந்த ஊரில் வீடு வீடாகக் கணக்கெடுத்தது. தமிழ் பேசும் ஊர். மையத்தில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஏழு மைல் நடந்து அரிசி வாங்கும் அந்த ஊருக்கு ஒரு ரேஷன் கடை தேவையா என்று அரசுக்கு எழுத வேண்டும்.

போலீஸ்காரன் மாதிரி படிவத்தைப் படிக்காதே, வீட்டுப் பெண் மாதிரிப் பேசு என்று சொல்லித்தான் மூத்த ஆய்வாளர் நஞ்சுண்டசாமி அவளை அனுப்பினார். அவளும் அப்படியே பேசினாள். முந்தைய இரவு உணவு சமைக்கப்பட்டதா என்பது படிவத்தில் இருந்த கேள்வி. மாதேவி ஒவ்வொரு வாசலிலும் நின்று, “ராத்திரி சாப்டீங்களா?” என்றாள். இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் ஆச்சு கண்ணு என்றார்கள். அத்தனைக்கும் டிக் போட்டாள்.

அட்டவணையைப் பார்த்து நஞ்சுண்டசாமிக்குத் திருப்தி. எல்லா வீட்டிலும் அடுப்பு எரிகிறது, கடைக்கு அவசரமில்லை என்று அறிக்கை டைப் ஆகிவிட்டது.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு, காலையிலிருந்து ஒரு டீயோடு கிடந்தவளிடம், மையத்தைக் கூட்டிப் பெருக்கும் கமலம்மாள் போகிற போக்கில் கன்னடத்தில் சாப்பிட்டியாம்மா என்று கேட்டாள். ஆச்சும்மா என்றாள் மாதேவி. சொன்ன பிறகுதான் உறைத்தது. கேட்டால் ஆச்சு என்பதுதானே வழக்கம்? பட்டினி கிடப்பவனும் அதைத்தான் சொல்வான். இதெல்லாம் தெரிந்தவள் என்றுதானே அவளை அனுப்பினார்கள்? அவளே கோட்டை விட்டிருக்கிறாள்.

நஞ்சுண்டசாமி கெட்டவர் இல்லை, களைத்துப் போனவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மாதேவி சொன்னதைக் கேட்டுக்கொண்டார். திரும்பவும் கணக்கெடு, அதுவரை அறிக்கையை நிறுத்துகிறேன். ஆனால் அது முடிவதற்குள் பல்கலைக்கழகத்தின் கெடு தாண்டிவிடும், பயிற்சி முடிந்ததாகக் கையெழுத்துப் போட முடியாது, இந்த வருஷம் உனக்குப் பட்டம் இல்லை என்று கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். நீ பேசாமல் இருந்துவிட்டாலும் நான் ஒன்றும் கேட்க மாட்டேன் என்பதையும் அதே குரலில் சொன்னார். மாதேவிக்கு அழக்கூடத் தெம்பில்லை. மறுநாள் காலை கொள்ளேகால் பஸ் ஏறினாள்.

ஊரில் கேள்வியை மாற்றினாள். நேற்று பொழுது சாய்ந்து அடுப்புப் பற்ற வைத்தீர்களா? அதைக் கேட்டதும் முதல் வீட்டுத் தொட்டையன் எழுந்து மாட்டைப் பார்க்கப் போனவர் திரும்பவே இல்லை. அடுத்த வீட்டில் கதவை ஒருக்களித்தார்கள். பதினோரு வீடு ஏறி இறங்கியும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு வருஷத்தையும் தொலைத்துவிட்டு வெறும் தாளோடு திரும்பப் போகிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

பன்னிரண்டாவது, அவள் வீடு. அப்பா போன பிறகு அம்மா சித்தம்மா அங்கே தனியாக இருந்தாள். போன முறை மாதேவி தங்கியிருந்த நாளெல்லாம் அங்கே அடுப்பு எரிந்தது. அதனால் அந்த இருநூற்றுப் பன்னிரண்டோடு இன்னொன்றாக அதற்கும் கேட்காமலே டிக் போட்டிருந்தாள். இப்போது கால் ஓய்ந்துபோய் வாசலில் உட்கார்ந்து, யாரையோ கேட்பது போல அம்மாவையும் கேட்டாள்.

சித்தம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“இல்ல கண்ணு. முந்தாநேத்தும் இல்ல.”

மாதேவிக்கு ஹாஸ்டலில் குறை சொல்லிக்கொண்டே தின்ற சோறெல்லாம் நினைவுக்கு வந்தது. ஏன் சொல்லவில்லை என்றாள். நீ படிக்க வேண்டாமா என்றாள் அம்மா. பிறகு தாளை எட்டிப் பார்த்தாள்.

“பேரு போடோணுமா?”

“போட்டாத்தாம்மா செல்லும்.”

சித்தம்மா தெருவை ஒரு தரம் பார்த்தாள்.

“போடு போ. போட்டு மத்தவங்ககிட்டக் காட்டு. எம்பேரப் பாத்தாத்தான் அவங்களும் சொல்லுவாங்க.”

மாதேவி எழுதினாள். எழுதி முடிக்கும்வரை அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தாளை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு தொட்டையன் வீட்டுக்குத் திரும்ப நடந்தாள்.