கன்னிமூலைச் சுவர்

திங்கட்கிழமை சுவர் விரிசலில் இழுத்த பட்டிப் பூச்சு வியாழக்கிழமை காலையில் திறந்திருந்தது.

நடராசன் முதலில் நம்பவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து, கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்த்தார். நகத்தின் நுனி உள்ளே போனது. ஜன்னலின் கீழ் முனையில் தொடங்கி, படிக்கட்டு இறங்குவது மாதிரி கோணல்மாணலாகத் தரைவரை இறங்கிய விரிசல் அது. திங்களன்று அதைக் கொத்தி அகலமாக்கி, தூசி தட்டி, இரண்டு கை பட்டி இழுத்து அடைத்திருந்தார். செவ்வாயன்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். புதனன்று பிரைமர். இப்போது அத்தனையையும் கிழித்துக்கொண்டு ஒரு மயிரிழைக் கோடு அதே வழியில் ஓடியிருந்தது.

முப்பத்திரண்டு வருடமாகச் சுவர்களோடு இருப்பவர் அவர். பூவத்திலிருந்து சைக்கிளில் வந்து சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கியபோது வயது பத்தொன்பது. காய்ந்து சுருங்கும் பட்டியில் வரும் வெடிப்பு வலைப்பின்னல் மாதிரி, மேலோடு நின்றுவிடும். ஓதம் ஏறிய சுவர் உப்புப் பூத்துப் பொருக்கு விடும். இது இரண்டும் இல்லை. இந்தச் சுவர் நகர்ந்துகொண்டிருந்தது.

தரை துடைத்த தண்ணீர் எப்போதும் அந்த மூலைக்கே ஓடிப்போய் நிற்பதை நான்கு நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அறைக் கதவின் மேல் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் இழைத்துவிடப்பட்டிருப்பதையும் பார்த்திருந்தார். பார்த்ததை ஒன்றோடொன்று சேர்க்காமல் விட்டிருந்தார், அவ்வளவுதான். தன் வேலை வண்ணம், மற்றதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பதுதான் இத்தனை வருடமும் அவருடைய பழக்கம்.

"என்னண்ணே, முடிஞ்சிச்சா? பதினோரு மணிக்குப் பார்ட்டி வருது." வீட்டுத் தரகர் காத்தமுத்து வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தார்.

"இங்க வந்து பாரு. மறுபடியும் விட்டிருக்கு."

காத்தமுத்து எட்டிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "அதுக்கு மேல ஒரு கோட் ஓட்டுங்க. ஈரமா இருந்தா தெரியாது. இன்னிக்கு ஒரு நாள் தெரியாம இருந்தா போதும்."

"மூலை இறங்குதுப்பா."

"அண்ணே, இந்த வருசம் எத்தன வீடு ஒங்களுக்குப் புடிச்சிக் குடுத்திருக்கேன்? ரோலர எடுங்க."

நடராசன் ரோலரை எடுத்தார். மகள் தமிழ்மொழி நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். காத்தமுத்துவின் போன் வராத மாதம் வீட்டில் எப்படியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். சந்தன நிறம் விரிசலின் மேல் ஏறி அதை விழுங்கியது. காத்தமுத்து இரும்பு பீரோவை இழுத்துவந்து பாதிச் சுவரை மறைத்து நிறுத்தினார். ஏசியைப் போட்டார். நான்கு ஊதுபத்திகளைக் கொளுத்தி ஜன்னலில் செருகினார்.

வீட்டுக்காரர் தெட்சிணாமூர்த்தி கூடத்து நாற்காலியில் பேப்பரை விரித்தபடி உட்கார்ந்திருந்தார். கூட்டுறவுத் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி அன்னபூரணி இறந்து இரண்டு வருடம். வீட்டை விற்றுவிட்டு மகனோடு பாண்டிச்சேரிக்குப் போக இருந்தார். பேப்பரில் அதே பக்கம் அரைமணி நேரமாகத் திரும்பவில்லை.

வீடு பார்க்க வந்தவர் ஷரீபுன்னிசா. நாற்பது வயதுக்குள் இருக்கும். கணவர் சஃபியுல்லா குவைத்தில். போனில் அவரை வீடியோவில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு இடமாகக் காட்டிவந்தார். சமையலறைக் குழாயைத் திறந்து வாளியில் பிடித்து முகர்ந்தார். மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குனிந்தார். அவர் ஒவ்வொரு அறையாக நெருங்கி வருவதைக் காலடிச் சத்தத்தில் கேட்டுக்கொண்டே, அடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப ரோலரை ஓட்டிக்கொண்டிருந்தார் நடராசன்.

"இதுதாம்மா மாஸ்டர் பெட்ரூமு. கன்னிமூலை. வாஸ்து பாத்து இழைச்சிக் கட்டுன வீடு" என்றார் காத்தமுத்து.

ஷரீபுன்னிசா உள்ளே வந்து நின்றார். "வீடு முச்சூடும் பழைய பெயிண்டா இருக்கு. இந்த ஒரு ரூமுக்கு மட்டும் ஏன் புதுசா அடிக்கிறீங்க?"

"புள்ளைங்க கிறுக்கி வச்சிருந்திச்சும்மா."

"வீட்ல புள்ளைங்க யாரும் இருக்கற மாதிரி தெரியலையே."

"பேரப்புள்ளைங்க. லீவுக்கு வந்தப்போ."

அவர் காத்தமுத்துவை விட்டுவிட்டு நேராக நடராசனைப் பார்த்தார். "அண்ணே, நீங்க சொல்லுங்க. சுவரு எப்படி இருக்கு?"

நடராசன் திரும்பாமலே சொன்னார். "நல்ல சுவருதாங்க."

சொன்ன பிறகு நாக்கில் பெயிண்ட் பட்ட மாதிரி இருந்தது.

"கேட்டுட்டேல்ல? ரொம்ப நோண்டாத நிசா" என்றது போன். "நாலு மணிக்கு வேற ஆளு வர்றாங்கன்னு சொல்றாங்க. நான் இப்பவே அட்வான்ச அனுப்பிடுறேன். நம்பரச் சொல்லுங்கண்ணே."

காத்தமுத்து எண்ணைச் சொல்லத் தொடங்கினார். ஷரீபுன்னிசா அதைக் கவனிக்காமல் சுவரோரமாக அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டிருந்தார். "உம்மாவ இந்த ரூம்லதான் படுக்க வைக்கணும்ங்க. பக்கவாதம் வந்து எந்திரிக்க முடியாது. பாத்ரூமும் பக்கத்துலயே இருக்கு. கட்டிலு இப்படி... தலமாடு இந்தச் சுவரு பக்கம். பீரோவ எடுத்துட்டா சரியா இருக்கும்."

நடராசனின் கை நின்றது. எழுந்து ஓட முடியாத ஒரு மனுஷி. அந்த மூலையில் படுக்கப்போகிறவர் மேல்தளத்தையே பார்த்துக்கொண்டு கிடப்பார்.

"கடைசி நாலு நம்பர் என்ன?" என்று போன் கேட்டது.

"அந்தச் சுவரு பக்கம் போடாதீங்கம்மா" என்றார் நடராசன்.

தன் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. காத்தமுத்து வாயைத் திறந்தவர் மூடவில்லை. நடராசன் பட்டித் தகட்டை எடுத்து, ஈர வண்ணத்தின் மேல் தடவித் தடவி இடத்தைக் கண்டுபிடித்து, அழுத்தினார். தகடு இரண்டு விரற்கடை உள்ளே இறங்கி நின்றுகொண்டது. பிறகு பீரோவைத் தோள் கொடுத்துத் தள்ளினார். பின்னால், அதற்குள் காய்ந்துவிட்ட வண்ணத்தில், விரிசல் மறுபடி அப்பட்டமாகத் தெரிந்தது.

"மொதல்ல சொன்னது பொய்ங்க. திங்கக்கெழமை அடைச்சேன், இன்னிக்குத் தொறந்துக்கிச்சு. மூலை உக்காருது. ஒரு இன்ஜினியர வச்சிப் பாக்காம பணம் அனுப்பாதீங்க."

"பைத்தியமாய்யா ஒனக்கு?" காத்தமுத்துவின் 'அண்ணே' போய்விட்டிருந்தது. "கூலிக்கு அடிக்க வந்தவன் அடிச்சிட்டுப் போவியா!"

அறை வாசலில் தெட்சிணாமூர்த்தி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. அவர் திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ கதவைப் பிடித்துக்கொண்டு, யாரிடமோ சொல்வது போல, "ரெண்டு வருசமா இந்தக் கதவு சாத்திக்க மாட்டேங்குது" என்றார்.

ஷரீபுன்னிசா போனை அணைத்தார்.

*

"ஒன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னா?" என்று மனைவி மாரிக்கண்ணு அன்றைக்கு முழுவதும் கேட்டாள். "அவங்க கேட்டாங்க" என்றார் நடராசன். "கேட்டா? வருசம் பூரா கேட்டவங்களுக்கெல்லாம் சொன்னியா?" சொன்னதில்லை என்பது அவளுக்கும் தெரியும். எத்தனை வீட்டுச் சுவரை அப்படி மூடியிருக்கிறோம் என்று எண்ணத் தொடங்கி, பதினொன்றில் நிறுத்திக்கொண்டார்.

காத்தமுத்துவின் போன் வரவில்லை. மற்றத் தரகர்களும் கூப்பிடவில்லை. நடராசனை உள்ளே விட்டால் வீடு விற்காது என்று பேச்சுப் பரவியிருந்தது. மண்டபத்தூரில் படகுகளுக்கு வண்ணம் அடிக்கப் போனார். உப்புக் காற்றில் கை வெடித்தது. ஷரீபுன்னிசாவுக்காக நவநீதன் என்ற பொறியாளர் அந்த வீட்டை வந்து பார்த்தார், அந்த இடத்தில் முன்பு ஒரு குட்டை இருந்ததாம், மேற்குப் பாதி அதன் மேல்தான் நிற்கிறதாம் என்று டீக்கடையில் கேள்விப்பட்டார். வீடு விற்பது நின்றுபோயிருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் பிற்பகலில், அரசலாற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று செய்தி வந்தபோது நடராசனுக்கு உட்கார முடியவில்லை. மண் ஊறும். மூலை இன்னும் இறங்கும். அந்த வீட்டில் ஒரு வயசாளி தனியாக இருக்கிறார். தன்னை அடித்துத் துரத்தினாலும் துரத்தட்டும் என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு டிவிஎஸ்ஸைக் கிளப்பினார். "மறுபடியுமா?" என்று மாரிக்கண்ணு பின்னால் கத்தினாள்.

தெருவில் முழங்கால் தண்ணீர். கதவைத் தட்டினார். திறக்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தபோது, கன்னிமூலையில் சுவருக்கும் அடித்தளத்துக்கும் நடுவே கை நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. மழைத்தண்ணீர் அதற்குள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தார். தெட்சிணாமூர்த்தி அந்த அறையில்தான், அந்தச் சுவர் ஓரமாகவே, கட்டிலில் படுத்திருந்தார்.

"சார்! எந்திரிங்க சார்! கதவத் தொறங்க!"

அவர் மெதுவாக எழுந்து வந்து திறந்தார். ஆளைத் தெரிந்துகொண்டதும் முகம் இறுகியது. "இன்னும் என்னய்யா மிச்சம் இருக்கு?"

"திட்டுறத அப்பறமா திட்டுங்க. அந்த ரூம்ல படுக்காதீங்க."

"அன்னபூரணி ஒம்பது மாசம் அந்த ரூம்லதான் கெடந்தா. அங்கதான் போனா. எனக்கு வேற எடத்துல தூக்கம் வராது."

பின்பக்கச் சுவரில் எதுவோ கரகரவென்று உதிர்ந்தது. இருவருக்கும் கேட்டது. தெட்சிணாமூர்த்தியின் கண்கள் அறைப் பக்கம் போய் வந்தன.

"கட்டில மட்டும் இங்க கொண்டாந்துடுறேன் சார். அவங்க படுத்த கட்டிலுதானே?"

பெரியவர் தலையாட்டினார். நடராசன் மட்டும் உள்ளே போனார். தரை செருப்புக்கடியில் சரிந்திருந்தது. தேக்குக் கட்டில், தனியாளாக இழுக்கக் கூடியதில்லை. இழுத்தார். சுவரில் தான் அடித்த சந்தன நிறம் பெரிய பெரிய பொருக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் வெளிச்சம் தெரிந்தது. பாதி வழியில் கட்டில் கால் நிலைப்படியில் மாட்டியது. "வராதீங்க சார்" என்று சொல்வதற்குள் தெட்சிணாமூர்த்தி மறுமுனையைப் பிடித்துவிட்டார். இருவருமாகத் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அன்றைக்குச் சுவர் விழவில்லை. மறுநாளும் விழவில்லை. மழை விட்டு ஐந்தாம் நாள், பகலில், ஜன்னலோடு சேர்ந்து மூலை மட்டும் வெளிப்பக்கமாகச் சரிந்தது. பாண்டிச்சேரியிலிருந்து மகன் ஓடிவந்தார். நவநீதனையே வரவழைத்து, அந்தப் பாதியை இடித்து, ஆழமாகத் தோண்டிப் புதிதாக அடித்தளம் போட்டார்கள். வேலை முடிய மாசி ஆனது. வீட்டை விற்கும் பேச்சைத் தெட்சிணாமூர்த்தி அதன் பிறகு எடுக்கவில்லை.

ஷரீபுன்னிசா வேறொரு வீடு பார்த்தார். பணம் கொடுக்கும் முன்பு நடராசனைக் கூப்பிட்டார். நடராசன் பீரோக்களை எல்லாம் நகர்த்தச் சொன்னார், ஏசியை நிறுத்தச் சொன்னார், கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தித் திறந்தார். சமையலறையில் ஓதம் இருக்கிறது, அது சரிசெய்யக் கூடியதுதான் என்றார். அவர்கள் வாங்கினார்கள்.

காத்தமுத்து இன்றைக்கும் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அது நடராசனை அவ்வளவாக உறுத்துவதில்லை. வேலைக்குப் போகும் வழியில் தான் முன்பு பட்டி போட்டு மூடிய வீடு ஏதாவது தட்டுப்படும்போதுதான் வண்டி தானாக மெதுவாகிறது. இதுவரை மூன்று வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டார். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இன்னும் எட்டு இருக்கின்றன.