கிள்ளான் வரை போய் ருசித்த ஐந்து மலிவு ஒயின்கள்

டிசம்பர் முதல் சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கும், அங்கிருந்து போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் போய், ஐந்து விதமான மலிவுச் சிவப்பு ஒயின்களை ருசித்துவிட்டு வந்தேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு புட்டி வாங்க நினைத்து, கோலாலம்பூர்ப் பெரிய கடைகளில் விலையைக் கேட்டதோடு திரும்பி வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு இந்த விவரம் உதவும். ஆனால் நான் போனது கிறிஸ்துமஸுக்காக அல்ல. அதைச் சொல்லாமல் எழுதினால் பாதிப் பொய்யாகிவிடும்.

என் அக்காள் கணவர் சவரிமுத்து கிள்ளானுக்குத் தெற்கே ஆறு மைலில் ஒரு ரப்பர் தோட்டத்தில் உபதேசியார். சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். அவருக்குப் பூசை சாமான்களைத் தயாராக வைப்பதும், மற்ற நாட்களில் லைன் வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளிகளுக்குச் செபம் சொல்லிவைப்பதும் அத்தானின் வேலை. பதினொரு வருஷமாகச் செய்கிறார். குடியிருக்கும் வீடும் அந்த வேலையோடு வந்ததுதான்.

அக்டோபர் கடைசியில், பூசைக்கான திராட்சரசப் புட்டி மாட்டுவண்டியில் வரும்போது உடைந்துவிட்டது. கல்லறைத் திருநாளுக்கு இரண்டே நாள். அன்று இறந்தவர்களின் ஆத்துமா வேதனையிலிருந்து சீக்கிரம் கரையேறப் பூசை நடக்கும். தோட்டத்தில் நாற்பத்திரண்டு பேர் தங்கள் வீட்டில் செத்தவர்களின் பெயரைக் கொடுத்திருந்தார்கள். அத்தான் துறைமுகத்துக் கடை ஒன்றில் ஒரு சிவப்பு ஒயினை வாங்கி, கோயிலில் கிடந்த பழைய காலிப் புட்டியில் ஊற்றி வைத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அன்று வந்தவர் வேறொரு வயதான சாமியார், கடும் ஜலதோஷம். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. நவம்பர் கடைசியில் வழக்கமான சாமியார் வந்து ஒரு வாய் குடித்ததுமே முகம் மாறினாராம். தன் பெட்டியிலிருந்த ரசத்தை எடுத்து அந்தப் பூசையைச் சரிசெய்துகொண்டு, பிறகு அத்தானைக் கூப்பிட்டு விசாரித்தார்.

விஷயம் இதுதான். சுத்தத் திராட்சை ஒயின் என்றால் எவ்வளவு மலிவானாலும் பரவாயில்லை. வேறு ஏதாவது கலந்திருந்தால் கல்லறைத் திருநாள் பூசை செல்லாது. என்ன புட்டி என்று கண்டுபிடித்து வை, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அத்தானுக்கு இங்கிலீஷ் தெரியாது. லேபிளில் என்ன இருந்தது என்று அவர் பார்க்கவில்லை; மெழுகுவர்த்திகளோடு சேர்த்துக் காசு கொடுத்ததில் புட்டி விலையும் தனியாக ஞாபகம் இல்லை. காலிப் புட்டியை அன்றைக்கே பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டார். எனக்குக் கடிதம் எழுதினார். நான் கோலாலம்பூரில் ஒரு இரசாயனக் கூடத்தில் உதவியாளன். ரப்பர் பாலைச் சோதிப்பவனுக்கு ஒயினும் தெரியும் என்பது அவருடைய கணக்கு.

பிரிக்பீல்ட்ஸில் என் அறையிலிருந்து கோலாலம்பூர் ஸ்டேஷனுக்குப் பதினைந்து நிமிஷ நடை. ஏழு ஐந்துக்கு வண்டி. கிள்ளான் இருபத்திரண்டு மைல், மூன்றாம் வகுப்பில் நாற்பத்தைந்து காசு, ஒன்றேகால் மணி நேரம். மோட்டார் பஸ்ஸில் பத்துக் காசு குறைவு. ஆனால் மழையில் எங்கே நின்றுபோகும் என்று சொல்ல முடியாது. ரயிலிலேயே போங்கள். அன்று விடாத மழை. பத்து தீகா ஸ்டேஷன் தாண்டியதும் இரண்டு பக்கமும், விலை விழுந்ததால் பால் வெட்டாமல் விட்ட ரப்பர் மரங்கள், இடுப்பளவு புல். என் பெட்டியில் பாதிப் பேர் வேலை போய், கப்பலில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்படும் தோட்டத்துக் குடும்பங்கள். பாய், தகரப்பெட்டி, கோழிக்கூடு.  எனக்குப் பேச்சுக் கொடுக்கத் தெரியாது.

அத்தான் கிள்ளான் ஸ்டேஷனில் குடையோடு நின்றார். மெலிந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மருந்துக் குப்பியை எடுத்துக் காட்டினார். கோயில் புட்டியில் மிச்சமிருந்த ஒயின், நாலு ஸ்பூன் இருக்கும். நேரே துறைமுகக் கடைக்குப் போகலாம் என்று அவர் சொன்னதற்கு நான் ஒப்பவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நாக்குக்கு முதலில் ஒரு அளவு வேண்டும். ஒன்றையே குடித்துவிட்டு அதுதான் இது என்று சொல்வது சோதனை அல்ல.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மலிவு ஒயின் எல்லாமே சாயம் போட்ட சர்க்கரைத் தண்ணீர் என்ற எண்ணத்தோடுதான் நான் போனேன். அதை நிரூபிக்கச் சலவைச் சோடா ஒரு பொட்டலம் கொண்டு போயிருந்தேன். உண்மைத் திராட்சை நிறம் சோடா பட்டால் பச்சைக்கும் நீலத்துக்கும் திரும்பும். கடைச் சாயம் பெரும்பாலும் சிவப்பாகவே நிற்கும். செய்து பார்க்கிறவர்கள் தனிக் கிண்ணத்தில் செய்யுங்கள், குடிக்கிற கிளாஸில் போடாதீர்கள்.

கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்து இடது பக்கம் இருநூறு கஜத்தில் ஒரு சீனக் கடை. கிளாஸுக்குப் பதினைந்து காசு வாங்கிக்கொண்டு மூன்றைத் திறந்தார்கள். முதலாவது, பிரம்பு சுற்றிய பெரிய ஜாடியில் வந்த பிரெஞ்சு ஒயின். அளந்து ஊற்றினால் புட்டி அறுபது காசு. புளிப்பு, தொண்டையைச் சுரண்டும். ஆனால் சோடாவில் பச்சையானது. ஆட்டுக்கறியோடு குடித்தால் குறை சொல்ல மாட்டீர்கள். இரண்டாவதில், தித்திப்பு ஒயினுக்குச் சொல்கிற போர்ட் என்ற பெயர் எழுதியிருந்தது. எந்த நாட்டு போர்ட் என்று எழுதவில்லை. வெல்லப்பாகு. சோடாவில் சிவப்பாகவே நின்றது. வாங்காதீர்கள். மூன்றாவது ஆஸ்திரேலிய பர்கண்டி, தொண்ணூறு காசு. இதைக் குடித்ததும் நான் இரண்டாவது கிளாஸ் கேட்டேன். காய்ந்த நாவல்பழ வாசனை, அளவான துவர்ப்பு, தித்திப்பு கிடையாது. தொண்ணூறு காசுக்கு இப்படி ஒரு பொருள் கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். மலிவு என்பதற்காக ஒன்றைத் தள்ளுவது சோம்பேறித்தனம் என்று அங்கே புரிந்தது. துறைமுகத்துப் புட்டியும் இது மாதிரி ஒன்றாக இருந்தால் அத்தான் தப்பித்தார் என்று எனக்கு உற்சாகம்கூட வந்தது.

அத்தான் ஒவ்வொரு கிளாஸையும் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்துகொண்டிருந்தார்.

“குடிச்சுப் பாருங்க அத்தான். நீங்கதானே வாங்கினது?”

“எனக்கு எதுக்கு மாப்ளே. கள்ளும் வேணாம் எதுவும் வேணாம்னு சத்தியம் பண்ணவன்.”

“அப்ப எதைப் பாத்து வாங்கினீங்க?”

“கலரைத்தான். ஒடஞ்ச புட்டி அடியில கொஞ்சம் தங்கியிருந்திச்சு. அதை எடுத்துட்டுப் போயி பக்கத்துல வச்சுப் பாத்தேன். அச்சு அசல் அதே கலரு.”

எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் உறைத்தது. பூசையில் ரசத்தைக் குடிப்பது சாமியார் மட்டும். நமக்கெல்லாம் அப்பம்தான். பதினொரு வருஷம் அந்தப் புட்டியைத் தூக்கி, துடைத்து, ஊற்றிக் கொடுத்தவர் அது எப்படி இருக்கும் என்று ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைத்ததில்லை. வைத்திருந்தால் அது திருட்டு. அவருக்குத் தெரிந்தது நிறம் ஒன்றுதான். பிரிக்பீல்ட்ஸில் பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிற எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

கிள்ளானிலிருந்து போர்ட் சுவெட்டன்ஹாம் ஐந்து மைல், பன்னிரண்டு காசு. பதினொன்றே முக்காலுக்கு இறங்கினோம். கப்பல் பார்க்கப் போகிறவர்கள் மழை நாளில் போக வேண்டாம். சேறும் நிலக்கரிப் புகையும்தான். நான் சொன்ன குடும்பங்கள் கிடங்கு ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கடை ஸ்டேஷனுக்கு எதிரே, காப்பிக்கடைக்குப் பக்கத்தில். அங்கே சிவப்பு இரண்டே வகை. ஆக நாலாவது, இன்னொரு ஆஸ்திரேலிய ஒயின், எண்பத்தைந்து காசு. கிள்ளானில் குடித்ததைவிடச் சற்று மெலிந்தது. அடியில் கொஞ்சம் கசப்பு. ஆனால் நேர்மையான சரக்கு, சோடாவில் நன்றாக நிறம் மாறியது. ஐந்தாவது, லேபிளில் காளைமாடு படம் போட்ட ஒன்று, எல்லாவற்றிலும் விலை கூடியது, ஒரு வெள்ளி ஐந்து காசு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிறத்தில் வித்தியாசம் சொல்ல என்னாலும் முடியவில்லை. நாலாவதாக இருக்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இப்படி வேண்டிக்கொண்டே ருசிக்கிறவன் ஒயினைப் பற்றி எழுத லாயக்கில்லாதவன், தெரியும்.

ஐந்தாவது கிளாஸை நான் கையில் எடுத்ததும் கடை முதலாளி, சீனத் தவுக்கே, சிரித்தார்.

“இது பிள்ளை பெத்த பொம்பளைக்கி லா, தம்பி. ஆம்பளை குடிச்சா பால் வரும்.”

லேபிளைப் படித்தேன். ஒயின், மாட்டிறைச்சிச் சாறு, இரும்புச் சத்து. பிரசவித்தவர்களுக்கு வீட்டில் கொடுக்கிற டானிக். அத்தானுக்கு நான் எதையும் சொல்லவில்லை. குப்பியைத் திறந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்தேன். தித்திப்பு, அதற்குப் பின்னால் துருப்பிடித்த ஆணியை நக்கியது போல ஒரு ருசி. ஐந்தாவதும் அதேதான். ஒரு மாதம் திறந்து மூடிய புட்டியில் ருசி கெட்டிருக்கலாம், நாக்கை நம்பக்கூடாது என்று சொல்லி அவரைப் பக்கத்துக் காப்பிக்கடைக்கு அழைத்துப் போனேன். பால் இல்லாமல் இரண்டு கோப்பை கெட்டித் தேநீர் வாங்கினேன். இரும்பும் தேயிலையும் சேர்ந்தால் மை. ஒரு கோப்பையில் நாலாவது ஒயினை ஒரு ஸ்பூன் விட்டேன். கொஞ்சம் சிவந்தது, அவ்வளவுதான். இன்னொன்றில் குப்பியிலிருந்து ஒரு ஸ்பூன் விட்டேன். ஊற்றிய இடத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்து, கோப்பை முழுதும் பள்ளிக்கூட மையாக நின்றது.

அத்தானுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுமை குறைவு. வேலையை முடிக்கத்தான் தெரியும். நாலாவது ஒயின்தான் என்று எழுதி, இரசாயனக் கூட உதவியாளன் என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், சாமியார் தேநீரில் விட்டா பார்க்கப் போகிறார் என்றேன். வேலையும் வீடும் போனால் அக்காளும் இந்தக் கிடங்கு ஓரத்தில்தான் உட்கார வேண்டும் என்றும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

அவர் கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்தார். “நீங்க எழுதிக் குடுத்தா சாமி நம்பிக்குவாரு மாப்ளே. செத்துப்போனவங்களுக்கு யாரு எழுதிக் குடுக்கறது?”

நான் தேநீர்க் காசைக் கொடுத்தேன்.

இரவு அத்தான் வீட்டில் தங்கினேன். மறுநாள் காலை ஏழு மணிக்குச் சாமியார் தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். பிரெஞ்சுக்காரர்; தமிழை அச்சடித்த மாதிரி பேசுவார். அத்தான் கோயில் வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னார். சாமியார் கோபிக்கவில்லை. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. இன்றைய பூசை இறந்தவர்களுக்காக என்றார். ஏன் என்று ஜனங்களுக்கு நீயே சொல் என்றார். தகரக் கூரையில் மழை. அத்தான் பீடத்துக்குக் கீழே நின்று, தான் வாங்கியதையும் ஊற்றியதையும் அந்தப் பூசை செல்லாமல் போனதையும் சொன்னார். பின்வரிசையில் இரண்டு மாதத்துக்கு முன் காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் எழுந்தாள்.

“அப்ப ஒரு மாசமா அவரு காத்துக்கிட்டா இருந்தாரு?”

 சாமியார் கறுப்பு உடை போட்டுக்கொண்டு பூசையைத் தொடங்கினார். நாற்பத்திரண்டு பெயரையும் அத்தான் மறுபடி வாசித்தார். அதில் ஒன்று என் அப்பாவுடையது, அக்காள் கொடுத்தது. நான் கொடுக்கவில்லை, கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பூசை முடிந்ததும் சாமியார் தன் பெட்டியிலிருந்த, இன்னும் மந்திரிக்காத ரசத்தை ஒரு சின்னக் கிளாஸில் ஊற்றி அத்தானிடம் நீட்டினார். “குடித்துப் பாரும், உபதேசியாரே. இதுதான்.” அத்தான் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு வாய் குடித்தார்.

“புளிக்குது சாமி.”

பிறகு இடுப்பிலிருந்த கோயில் சாவியை எடுத்துக் கொடுத்தார். சாமியார் கேட்கவில்லை.  திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அக்காள் இப்போது பிரிக்பீல்ட்ஸில் என் அறையில் இருக்கிறாள். அத்தான் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிறார்.

போகிறவர்களுக்கு: காலை ஏழு ஐந்து வண்டியில் போய், கிள்ளானிலிருந்து மூன்று இருபது வண்டியில் திரும்பலாம். போக வர, துறைமுகம் சேர்த்து, ஒரு வெள்ளி பதினாலு காசு. துறைமுகம் போகத் தேவையில்லை. நல்ல சரக்கு கிள்ளானிலேயே கிடைக்கிறது. ஆஸ்திரேலிய பர்கண்டி வாங்குங்கள். கையில் காசு குறைவென்றால் ஜாடி பிரெஞ்சு ஒயின். விலையையும் பார்க்காதீர்கள், நிறத்தையும் பார்க்காதீர்கள். லேபிள் படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். சத்தியம் எதுவும் செய்யாதவர்கள், வாங்குவதற்கு முன் ஒரு வாய் கேட்டு வாங்கிக் குடித்துப் பாருங்கள். கடைக்காரர்கள் முகம் சுளிப்பதில்லை. அத்தானுக்குக் கேட்கத் தோன்றவில்லை; கேட்டிருந்தாலும் என்ன ருசியைத் தேடுவது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.